முள் ஐம்பதில் நிற்க வேண்டும்

சாவியைத் திருப்பியதும் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. ஜனனிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கிளம்புவதில் இந்த வண்டி என்றைக்கும் மக்கர் செய்ததில்லை. சமர்த்தாகக் கிளம்பி, பாதி வழி வரை கூட்டிக்கொண்டு போய், அங்கே கைவிடுவதுதான் அதன் குணம்.

அப்பா மணியன் பந்தலிலிருந்து வேகமாக நடந்து வந்து கண்ணாடியில் தட்டினார். இதிலா போகிறாய் என்று கேட்டார். மற்ற கார்களெல்லாம் பந்தலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன, சந்து முனையில் நிற்பது இது ஒன்றுதான் என்றாள் ஜனனி. வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட்டிருக்கலாம். அது அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அவர் வழியை விட்டு விலகினார்.

மணி பதினொன்றே கால். மின் மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். அதற்குள் அவள் சேவூர் போய், மாமன் ஆத்தப்பனைக் கூட்டிக்கொண்டு அருள்புரம் திரும்ப வேண்டும். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் எந்தப் பெண்ணின் உடலையும் அந்தப் பக்கத்தில் தூக்குவதில்லை. அம்மா தெய்வாத்தாளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது ஒரே ஓர் அண்ணன்தான். அந்த அண்ணன் வரவில்லை.

தெய்வாத்தாள் நேற்றுச் சாயங்காலம் தன் தையல் யூனிட்டிலேயே, ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது. பன்னிரண்டு மெஷின் போட்டுக் குழந்தைகள் சட்டை தைத்துக் கொடுத்தவள். ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, அதற்குப் பொட்டு வைத்துப் பூப்போட்டு வைத்திருந்தாள்.

மாமன் வீட்டிலிருந்து அத்தை செல்லாத்தாள் மட்டும் விடிகாலை பஸ்ஸிலேயே வந்து சேர்ந்திருந்தாள். வந்ததும் ஜனனியைக் கட்டிக்கொண்டு அழுதவள், காதோடு விஷயத்தைச் சொன்னாள். மாமா கோடிச் சேலை எடுத்துவிட்டாராம். ஆனால் வர மாட்டேன் என்று தோட்டத்து மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டாராம், போனையும் எடுக்கவில்லையாம். இதைக் கேட்ட அப்பாவின் அக்கா, பெரியத்தை சுப்பாத்தாள், உடனே காரியத்தில் இறங்கினாள். அம்மாவின் பங்காளி முறையில் ஒருவரைப் பிடித்து, ஒரு சேலையும் வாங்கி வரச் செய்து, ரெண்டரை மணி வரை பார்ப்போம், இல்லையென்றால் இவர் போடட்டும் என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜனனி மட்டும் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மாமனின் கோபம் எல்லாம் இந்த வண்டியால் வந்தது. ரெண்டே கால் வருடத்துக்கு முன்னால் மாமன் மகன் வேல்குமாருக்குக் கல்யாணம். முகூர்த்த மாலையைத் திருப்பூர் பூ மார்க்கெட்டிலிருந்து நான் கொண்டுவருகிறேன் என்று அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். வழியில் வண்டி நின்றுபோனது. மூன்று தடவை நின்றது. அவள் மண்டபத்துக்குள் நுழையும்போது தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கோயிலில் சாமிக்குச் சாத்தியிருந்த மாலையை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். வண்டி நின்றுபோனது என்று அம்மா சொன்னதும், மாமன் பந்தி நடுவில் வைத்துக் கேட்டுவிட்டார். உன் மகளை எடுக்கவில்லை என்ற ஆத்திரத்தை இப்படியா காட்டுவது என்றார். அம்மா அங்கே ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பினாள். அவ்வளவுதான், இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. வேல்குமாரைக் கட்டிக்கொள்ளும் எண்ணம் ஜனனிக்குக் கனவில்கூட இருந்ததில்லை என்பது யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத செய்தி.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே வெறி. வண்டியை விற்றுத் தொலை என்று எல்லோரும் சொன்னார்கள். இது எதனால் நிற்கிறது என்று தெரியாமல் விற்க மாட்டேன் என்றாள். காரணம் தெரிந்தால் அதைக் கையில் எடுத்துப் போய் அண்ணன் முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். மெக்கானிக் ராபின், நாகர்கோவில் பக்கத்துக்காரன், பெட்ரோல் பம்பை இரண்டு தடவை மாற்றினான். பில்டரை மாற்றினான். ரிலேயை மாற்றினான். மாற்றியதும் பத்து நாள் ஓடும், பதினோராம் நாள் நின்றுவிடும். கடைசியில் பிரஷர் பார்க்கும் கேஜ் ஒன்றை அம்மாவே வாங்கிவந்து, அதன் குழாயை பானெட் இடுக்கு வழியாக வெளியே இழுத்து, கேஜை வைப்பரில் பனியன் எலாஸ்டிக்கால் கட்டிவைத்தாள். ஓட்டும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முள் தெரியும். முள் ஐம்பதில் நிற்க வேண்டும். இறங்க ஆரம்பித்தால் வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும். பத்து நிமிடம் அணைத்துப் போட்டால் மறுபடி ஐம்பதுக்கு வந்துவிடும். ஏன் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு முள் ஐம்பதில் அறைந்து வைத்தது போல நின்றது. திருப்பூர் தாண்டியது, பூண்டி தாண்டியது, அவிநாசியும் தாண்டியது. பெட்ரோல் கால் டாங்குக்கும் கீழே இருந்தது. திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று ஜனனி பங்கில்கூட நிறுத்தவில்லை. பன்னிரண்டே காலுக்கு மாமன் தோட்டத்துத் தடத்தில் வண்டி இறங்கியது.

ஆத்தப்பன் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜவுளிக்கடைப் பை. ஜனனியைப் பார்த்ததும் எழுந்தார், என்ன செய்வது என்று தெரியாமல் கைகளைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துணி ஸ்ட்ராபெர்ரிப் பழம் அச்சடித்த பனியன் துணி. அம்மா யூனிட்டில் எப்போதோ திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குழந்தைச் சட்டை ஆர்டர் அது. வெட்டிய துணியை மூட்டை மூட்டையாக அண்ணன் தோட்டத்துக்குக் கொண்டுவந்து போட்டிருந்தாள். மோட்டார் துடைக்க, டிராக்டர் துடைக்க எல்லாவற்றுக்கும் இன்னும் அந்தப் பழம்தான்.

"வாங்க மாமா, போலாமுங்க" என்றாள் ஜனனி. "உங்க கோடிக்குத்தான் அம்மா காத்திருக்கறாங்க."

"எம்பட ஊட்டுச் சோறு வேண்டாம்னு போனவ. எம்பட கோடி மட்டும் எதுக்கு?" குரல் உடைந்துதான் வந்தது, ஆனாலும் விடவில்லை. "ஒரு வார்த்தை நெசத்தைச் சொல்லியிருந்தா நானே போயிக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"அம்மா சொன்னது நெசமுங்க. வண்டி நின்னுதானுங்க போச்சு."

ஆத்தப்பன் காரைப் பார்த்தார். "இப்ப நீ இதுலதான வந்த. நின்னுச்சா?"

ஜனனிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இருபத்தெட்டு கிலோமீட்டர் ஒரு விக்கல்கூட இல்லாமல் வந்து சேர்ந்த அந்த வண்டியை எட்டி உதைக்கலாம் போல இருந்தது. நிற்கக் கூடாத நாளிலெல்லாம் நின்றது, நிற்க வேண்டிய ஒரு நாளில் இப்படி மானத்தை வாங்குகிறது.

"போறப்ப நிக்குமுங்க. வந்து உக்காந்து பாருங்க."

"நிக்கலீன்னா?"

"நிக்கலீன்னா நேரத்துக்குப் போயிருவோமுங்க."

ஆத்தப்பன் பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வைப்பரில் கட்டியிருப்பது என்ன என்று கேட்டார். ஜனனி சொன்னாள். ஐம்பது என்றால் சரி, குறைந்தால் நிற்கப் போகிறது என்று அர்த்தம். அம்மா இதைப் பார்த்துக்கொண்டேதான் ஒரு வருடம் ஓட்டினாள். ஆத்தப்பன் அதற்குப் பிறகு ரோட்டைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்தார். ஜனனியும் ஒரு கண்ணை அதில்தான் வைத்திருந்தாள். நின்றால் அம்மா பொய் சொல்லவில்லை என்றாகும். நிற்காவிட்டால் அம்மாவுக்கு அண்ணன் கோடி உண்டு. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

அவிநாசி தாண்டி ஐந்து நிமிடம்.

"அம்மிணி, எறங்குது" என்றார் ஆத்தப்பன். "நாப்பத்தஞ்சு. நாப்பது. முப்பது."

வண்டி இரண்டு தரம் இழுத்து விட்டது. பூண்டிக்கு முன்னால், சிலை செதுக்கும் பட்டறை ஒன்றின் எதிரில் மூச்சை விட்டது. மணி ஒன்று.

ஜனனிக்குத் திடுக்கென்றது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அப்படி வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. பத்து நிமிடம் உட்கார வேண்டும், பிறகு போகும் என்றாள். அந்தப் பத்து நிமிடமும் ஆத்தப்பன் மடியிலிருந்த சேலைப் பையின் காதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மண்டபத்தில் தான் கேட்டதையெல்லாம் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது ஜனனிக்குத் தெரிந்தது. அவரைச் சமாதானப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும், நன்றாக நினைக்கட்டும் என்று இருந்தாள்.

வண்டி கிளம்பியது. முள் ஐம்பதுக்கு ஏறியது. மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, மறுபடி சரசரவென்று இறங்கி நின்றுவிட்டது. இவ்வளவு சீக்கிரம் அது நின்றதே இல்லை. ஜனனி இறங்கி ஓடி எதிரே வந்த ஆட்டோவைக் கை காட்டினாள். அருள்புரம் போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர் ஏறுங்கள் என்றார்.

ஆத்தப்பன் ஏறவில்லை. குனிந்து காரின் அடியில் காது வைக்காத குறையாக நின்றார்.

"மாமா, நேரமாச்சுங்க."

"இரு கண்ணு. பம்பு சத்தம் கேக்குது. ஓடுது, ஆனா ஏத்தமாட்டேங்குது. நிறுத்திப் போட்டா மறுக்கா ஏத்துதா?"

"ஆமாங்க."

"பம்பு எத்தனை தடவை மாத்துனீங்க?"

"ரெண்டு தடவைங்க."

"நூறு தடவை மாத்துனாலும் இப்படித்தான்." அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. "கெணத்துல, பைப்பு அடியில இருக்கற புட்வால்வுல எலை ஒட்டுனா இதே கதைதான். மோட்டார் ஓட ஓட எலைய இழுத்து ஒட்டவச்சுக்கும், தண்ணி ஏறாது. நிறுத்துனா எலை கழண்டு உளுந்துரும். போட்டா மறுக்கா ஏறும். உள்ள என்னமோ கெடக்குது அம்மிணி. தொறக்கோணும்."

ஆட்டோக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாவுக்குப் போகிறவர்களா, வண்டி வேலைக்கு வந்தவர்களா என்று அவருக்குப் புரியவில்லை. ஜனனி மணியைப் பார்த்தாள். ஒன்று இருபத்தைந்து. ஆட்டோவில் ஏறினால் இரண்டே காலுக்குள் போய்விடலாம். ரெண்டே கால் வருடமாக அம்மா தேடியது இதோ கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது. அரை மணி நேரம் நில்லுங்கள், முடியாவிட்டால் உங்கள் வண்டியில்தான் போவோம் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு அவள் ராபினைக் கூப்பிட்டாள்.

ராபின் சாவு வீட்டில்தான் இருந்தான். பறைச் சத்தத்திலிருந்து தள்ளி ஓடிவந்து பேசுவது கேட்டது. அவள் இலை விஷயத்தைச் சொன்னாள்.

"நான் ஒருநாளும் உள்ள கைய விட்டுப் பாக்கல கேட்டியா" என்றான். "பம்பத்தான் பாத்தேன். தங்கச்சி, மொதல்ல பேட்டரி வயரக் கழத்து. ஸ்பானர் டிக்கில கெடக்கு, ஒங்கம்மை வாங்கிப் போட்டிருக்காவ."

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூரை மேல் வைத்தார்கள். பேட்டரியைக் கழற்றினார்கள். பின் சீட்டைத் தூக்கினார்கள். அதன் அடியில் தகரமூடி, மூடிக்குக் கீழே பம்ப். அதை இறுக்கியிருந்தவை ஆறு போல்ட். ஜனனி ஸ்பானர் பிடித்தாள், ஆத்தப்பன் கழன்ற போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பைப்பைக் கழற்றும்போது பெட்ரோல் சீறும், துணியைச் சுற்றிக்கொள் என்றான் ராபின். அது சீறியது. வேடிக்கை பார்க்க வந்த பட்டறைக்காரர் ஒருவர் பீடியை எடுத்தார். ஆத்தப்பன் போட்ட அதட்டலில் பீடியும் தீப்பெட்டியும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தன.

பம்ப் வெளியே வந்தது. அதன் அடியில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை. ஜனனி மறுபடி மணியைப் பார்த்தாள். ஒன்று நாற்பத்தைந்து.

"உளுந்திருக்கும். அதான் எலையோட கொணம்" என்றார் ஆத்தப்பன். வெள்ளைச் சட்டையின் கையைத் தோள் வரை சுருட்டி, சீட்டின் மேல் ஒருக்களித்துப் படுத்து, அந்த ஓட்டைக்குள் கையை விட்டார். மணிக்கட்டு போனது, முழங்கை போனது. கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். பெட்ரோல் சளசளவென்று சத்தமிட்டது.

"இருக்குது" என்றார். "இருக்குது, இருக்குது. வழுக்குது. இரு. புடிச்சிட்டேன்."

"கெடச்சிருச்சு!" என்று ஜனனி கூரை மேலிருந்த போனைப் பார்த்துக் கத்தினாள். அந்த நொடியில் அவளுக்குச் சாவு மறந்துவிட்டது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று கை போனை எட்டி எடுத்தும்விட்டது. பிறகுதான் நினைவு வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஆத்தப்பன் கையில் இருந்தது ஒரு துணி. ஒரு சாண் அகலம், பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தது. அவர் அதை வெயிலில் விரித்துப் பிடித்தார். வெளிறிப்போன பழங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஸ்ட்ராபெர்ரி.

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் மோட்டார் ரூம் வாசலில் இவர் கை துடைத்த துணி ஜனனியின் கண் முன்னால் வந்தது. ஆத்தப்பன் திறந்திருந்த கதவோரம், ரோட்டுப் புழுதியிலேயே உட்கார்ந்தார்.

"கண்ணாலத்துக்கு முந்தி, மாசி மாசம்" என்றார். "உங்கம்மா பெட்ரோல் தீந்து நம்ம தோட்டத்துல நின்னுட்டா. கேன்ல இருந்து நாந்தான் ஊத்துனேன். பாட்டில வெட்டிப் புனலு வச்சு, கசடு போயிரப் படாதுன்னு துணி போட்டு வடிகட்டுனேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஊத்தி முடிச்சப்பறம் துணியக் காணோம். காத்துல போயிருக்கும்னு உட்டுட்டேன்."

ஜனனிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு பம்ப், ஒரு பில்டர், ஒரு ரிலே, ரெண்டே கால் வருடம். வண்டியைக் குறை சொன்னார்கள், ராபினைக் குறை சொன்னார்கள், கடைசியில் அம்மாவைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் இந்த மனிதன் முகத்தில் வீசியிருப்பாள். ஆனால் புழுதியில் உட்கார்ந்து அந்தத் துணியை மடித்து மடித்து ஒரு விரல் அகலமாக்கிக்கொண்டிருந்தவர் கையில் முழங்கை வரை பெட்ரோல் வழிந்துகொண்டிருந்தது.

"எந்திரிங்க மாமா" என்றாள். "போல்ட்டக் குடுங்க."

ஆறு போல்ட்டும் ஏறின. பைப், மூடி, சீட்டு, பேட்டரி. இரண்டு மணி ஐந்து நிமிடம். சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழுந்து ஐம்பதில் போய் நின்றது. ஆட்டோக்காரர் காத்திருந்ததற்கு எதுவும் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பூ மார்க்கெட்டும் பாலமும் சிக்னலும் தாண்டிப் பல்லடம் ரோட்டுக்கு வரும்வரை காருக்குள் ஒரே ஒரு பேச்சுத்தான் நடந்தது. ஆத்தப்பன் நிமிடத்துக்கு ஒரு தரம் "அம்பது" என்றார். ஜனனி "ஆமாங்க" என்றாள். லாரிகளையும் கம்பெனி வேன்களையும் அவள் இதுவரை முந்தாத மாதிரி முந்தினாள். முள் அசையவில்லை. இந்த வண்டி இப்படியும் ஓடுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அம்மா ஒரே ஒரு நாளாவது இப்படி ஓட்டியிருக்கலாம்.

சந்து முனைக்கு வந்தபோது மணி இரண்டு நாற்பது. குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். சுப்பாத்தாள் அந்தப் பங்காளியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து தலைமாட்டில் நிறுத்தியிருந்தாள். அவர் சேலையைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். கார்ச் சத்தம் கேட்டுக் கூட்டம் திரும்பியது, பறை நின்றது. ஒரு கை சுருட்டியும் ஒரு கை சுருட்டாமலுமாக, வேட்டியில் ரோட்டுப் புழுதியோடு, ஜவுளிக்கடைப் பையைத் தூக்கிக்கொண்டு ஆத்தப்பன் உள்ளே வந்தார்.

சுப்பாத்தாள் விடுகிறவளா? பந்தல் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "ஏனுங்க, ஒடம்பொறந்தவளுக்குக் கோடி போட வர்றதுக்கு இத்தனை நேரமுங்களா?"

ஆத்தப்பன் தங்கையின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் இருந்த முக்கால்வாசிச் சொந்தபந்தம் இந்தப் பந்தலிலும் இருந்தது.

"வண்டி நின்னு போச்சுங்க" என்றார்.

பின்னால் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பழைய கதைதான் என்று யாரோ முணுமுணுத்தது ஜனனிக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்து, இன்னும் சத்தமாக அதையே மறுபடி சொன்னார்.

"நெசமாலுமுங்க. வண்டி நின்னு போச்சு."

பிறகு குனிந்து, சிவப்புச் சேலையை உதறிப் பிரித்து, தங்கையின் கழுத்திலிருந்து கால் வரை போர்த்தினார். மடிப்பை நீவிவிட்டார். நீவிய இடமெல்லாம் அழுக்காகக் கைத்தடம் பதிந்தது. சம்பங்கி மாலைக்கும் ஊதுபத்திக்கும் மேலே பெட்ரோல் வாசனை எழுந்தது. சுப்பாத்தாள் மூக்கைச் சுளித்தாள். ஆத்தப்பனின் கையைப் பார்த்தாள், சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஈரத் துணியைப் பார்த்தாள். பிறகு தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.